ஈரம் காயாத காது

தையல்காரியின் இடது காதில் பூஞ்சை படர்ந்திருந்தது. ஈரம் பட்டால் ஆறாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். ஆனாலும் ஒவ்வொரு முறை குழாய் வைத்து உறிஞ்சும்போதும் கறுப்புத் துகள்களோடு தெளிந்த தண்ணீரும் கொஞ்சம் மணலும் வந்தன.

“கடல்ல குளிச்சீங்களாம்மா?”

“கடலுக்கு இங்கேருந்து ஒரு நாள் போகணும் டாக்டர்,” என்றாள் மகள். “இவங்க தலைக்குக் குளிச்சே மாசமாச்சு. பக்கத்துல படுக்கிற எனக்குத்தான் தெரியும்.”

தையல்காரி சிரிக்கவில்லை. கப்பல் வேலைக்குப் போன மகன் புயலில் காணாமல் போன வாரத்தில்தான் அந்தக் காது அரிக்கத் தொடங்கியது. அவன் உடல் கிடைக்கவில்லை. அவள் குனிந்து தைக்கும்போது காதிலிருந்து விழுந்த சொட்டுகள் துணியில் காய்ந்து உப்புப் பூத்தன.

சொட்டு மருந்தை மகள்தான் விட்டுவந்தாள். அவள் நகர்ந்ததும் அம்மா தலையைச் சாய்த்து அதைத் துண்டில் வடித்துவிடுவதை ஒருநாள் பார்த்துவிட்டாள்.

“ஏம்மா இப்படிப் பண்றே?”

“தண்ணி வர்ற வரைக்கும் அவன் எங்கேயோ நீந்திட்டிருக்கான்டி.”

மகள் அதற்குப் பிறகு மருந்துக் குப்பியைத் தொடவில்லை.

மழைக்காலம் பிறந்தது. கொடியில் போட்ட துணிகூடக் காயவில்லை. அடுத்த முறை டாக்டர் காதுக்குள் விளக்கைப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“மருந்து நல்லா கேட்டிருக்கும்மா. ஒரு சொட்டு ஈரம் இல்லை. இனிமே நீங்க வர வேண்டாம்.”

தையல்காரி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மெல்லத் தலையைத் திருப்பி வலது காதைக் காட்டினாள்.

“இதுல இருக்கான்னு பாருங்க டாக்டர்.”