தண்ணீர் எங்கே போகிறது?

“எழுபது வயசு மனுஷரை லாரிக்கடியில படுக்க வெச்சிருக்கியே, உனக்கே நல்லா இருக்கா?”

தையல் மெஷினை விட்டு எழுந்து வந்த வேகத்தில் கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக்கூட அவன் கழற்றவில்லை.

மனைவி அசரவில்லை. “நான் என்னங்க பண்றது? ரேடியேட்டர்ல தினம் ஒரு லிட்டர் கூலன்ட் தண்ணி குறையுது. கீழ ஒரு சொட்டுகூட சிந்தலை. எங்க போகுதுன்னே புரியலை. நாளைக்குக் காலையில லோடு ஏத்தணும். அதான் மாமாவைக் கூப்பிட்டேன்.”

“ஷெட்டுக்கு எடுத்துட்டுப் போறதுதானே?”

“அங்க விட்டா நாலு நாள் நிறுத்தி வெச்சுடுவாங்க.”

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருஷம் அப்பா ஓட்டிய டீசல் லாரி அது. பார்வை மங்கிவிட்டது, இனி லைசென்ஸ் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். சாவி மருமகள் கைக்கு வந்தது. அவள் ஓட்டுவதில் வெளுத்துக் கட்டினாள். அப்பாதான் ஒடுங்கிப் போனார். ஜன்னலோர நாற்காலிதான் கதி. சாப்பிட்டீங்களா என்றால் ஒரு தலையாட்டல், அதற்கு மேல் பேச்சில்லை.

அந்த மனிதரைப் போய் வேலை வாங்குகிறாளே!

“ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடறீங்களா?” லாரிக்கடியிலிருந்து அதட்டல் வந்தது. “எங்கயாவது சொட்டுற சத்தம் கேக்குதான்னு பாக்கறேன்!”

அப்பா குரல் உயர்த்திக் கேட்டு எத்தனை மாதமாயிற்று!

அப்பா வெளியே வந்தார். ரேடியேட்டர் ஹோஸை மேலிருந்து கீழே வரை விரலால் வருடினார். கிளிப்பைத் திருகிப் பார்த்தார். “இங்க இல்லை.”

ஆயில் கம்பியை உருவி, எண்ணெயை விரல் நுனியில் தேய்த்தார். “இதுல தண்ணி கலக்கலை. பெரிய செலவு இல்லை, பொழைச்சோம்.”

பிறகு கேபினில் ஏறி வண்டியை ஸ்டார்ட் செய்தார். இன்ஜின் அதிர அதிர அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. நன்றாகச் சூடேறியதும் இறங்கி வந்தார்.

மருமகள் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனாள்.

“அம்மாடி, எடு கையை! சூட்டோட திறந்தா மூஞ்சி வெந்து போயிடும்!”

“ஐயோ, மறந்தே போச்சு மாமா!”

இதுகூடத் தெரியாமலா ஒரு வருஷமாக லாரி ஓட்டுகிறாள்? அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

இன்ஜினை நிறுத்தி, ஆறும்வரை காத்திருந்தார்கள். அதற்குள் அப்பா மூன்று பழைய கதைகள் சொன்னார். மூன்றிலும் ரேடியேட்டர்தான் வில்லன், அவர்தான் ஹீரோ. மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சூடு தணிந்ததும் அப்பா ஃபேனைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார். லொடலொடவென்று ஆடியது. வாட்டர் பம்ப்புக்கு அடியில் விரலை விட்டு எடுத்தார். நுனியில் வெள்ளையாக ஏதோ பொருக்கு.

“கண்டுபிடிச்சுட்டேன்!” என்று கூவினார். “பம்ப்ல சீல் போயிடுச்சு. சூடாகும்போது மட்டும் கசியும். கீழ விழறதுக்குள்ள ஆவியாயிடும். அப்புறம் எப்படிச் சொட்டும்?”

“மாமான்னா மாமாதான்!” மருமகள் கைதட்டினாள்.

“பசி உயிர் போகுது. சோறு ஆயிடுச்சா?”

அப்பாவே சோறு கேட்கிறார்!

“டேய், சீட்டுக்கடியில பழைய துணி இருக்கும், எடு. கை துடைக்கணும்.”

கேபினில் ஏறிக் கையை விட்டான். துணிக்குப் பின்னால் ஓர் அட்டைப்பெட்டி தட்டுப்பட்டது. மேல்மூடி பிரிந்திருந்தது. உள்ளே பளபளவென்று புத்தம் புது வாட்டர் பம்ப்.

பின்னாலேயே ஏறி வந்த மனைவி உதட்டில் விரல் வைத்தாள்.

“எங்க ஒழுகுதுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?” கிசுகிசுத்தான்.

“தினம் கூட இருக்கற வண்டி, தெரியாதா? நாலு நாள் முன்னாடியே வாங்கிட்டேன். நானே மாட்டியிருப்பேன். மாமாதான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டேங்கறாரே...” பெட்டியைச் சத்தமில்லாமல் தன் தோள்பைக்குள் திணித்துக்கொண்டாள். “நான் போய் ஒரு சுத்து சுத்திட்டு வரேன். நீங்க காட்டிக் கொடுத்துடாதீங்க.”

இறங்கி ஸ்கூட்டரைக் கிளப்பினாள். “மாமா, நீங்க சாப்பிட்டுட்டு இருங்க! நான் கடைக்குப் போய்ப் புதுப் பம்ப் வாங்கிட்டு வந்துடறேன். நீங்கதான் மாட்டித் தரணும்!”

“ஓடு, ஓடு!” என்றார் அப்பா.

ஸ்கூட்டர் திருப்பத்தில் மறைந்தது. அவளைப் போய் எப்படிப் பேசிவிட்டோம் என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. துணியை நீட்டினான்.

அப்பா விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே, அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“அந்தப் பெட்டியை எடுத்துட்டுத்தானே போனா?”

“அப்பா!”

“வண்டியை ஸ்டார்ட் பண்ண ஏறினப்பவே கால்ல இடிச்சுது. கையை விட்டுப் பார்த்தேன். பம்ப்பு! எனக்காக எவ்வளவு மெனக்கெட்டிருக்கா பாரு. சட்டுன்னு சொல்லிட்டா அவளுக்கு சப்புன்னு போயிடும்னுதான் கதையெல்லாம் சொல்லி இழுத்தேன்.” அப்பா கண்ணைச் சிமிட்டினார். “அவ திரும்பி வந்ததும் எந்தக் கடையில வாங்கினேன்னு கேட்டுத் தொலைக்காதே. பாவம், அந்தப் பொண்ணுக்குப் பொய் சொல்லவே வராது!”