பத்துக்குப் பத்து

"யார் என்ன சொன்னாலும் சரி, புது அதிபருக்கு நான் பத்துக்குப் பத்து போடுவேன்," என்றார் மினிபஸ் டிரைவர் இலாரியோ.

தென் அமெரிக்க மலைநகரமான எல் ஆல்ட்டோவிலிருந்து கீழே லா பாஸுக்கு இறங்கும் சாலை. வண்டி நிறைய ஆட்கள். ஒருவருக்கும் இதைக் கேட்கப் பொறுக்கவில்லை.

"டிரைவரண்ணே, அவர் வந்து மூணு மாசம்கூட ஆகல. பெட்ரோல் விலை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அதுக்கா பத்து?" என்றார் பின்னாலிருந்த பள்ளி வாத்தியார் நிக்கானோர்.

"விலை ஏறிச்சு, இல்லேங்கல. க்யூ போச்சா இல்லையா? போன வருஷம் பெட்ரோலுக்காக ராத்திரியெல்லாம் பங்க் வாசல்ல படுத்துக் கிடந்தேன். இப்போ போனதும் போட்டுட்டு வரேன்."

"காசு இருக்கிறவன் போட்டுட்டு வரான். இல்லாதவன் வண்டியை வீட்டுல நிறுத்திட்டான். அப்புறம் க்யூ எப்படி இருக்கும்?"

வண்டியே சிரித்தது. வாத்தியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டிரைவரின் மனைவி பெனீதாவும் லேசாகச் சிரித்தாள்.

"சரி, வெளிநாட்டு விவகாரத்துக்கு வாங்க," என்றார் இலாரியோ. "இத்தனை வருஷமா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டிருந்த அமெரிக்காக்காரன் இப்போ வந்து கை குலுக்கறான். டாலர் வருது. மருந்து வருது."

"சும்மாவா குலுக்கறான்? நம்ம உப்புப் பாலையில இருக்கிற லித்தியத்துமேல கண்ணு. கையை எடுத்ததும் விரல் அஞ்சும் இருக்கான்னு எண்ணிப் பார்த்துக்கணும்."

"கட்சியில உனக்கு எவ்வளவு தராங்கப்பா?" என்று வெங்காய மூட்டையோடு இருந்த அம்மாள் கேட்டாள். 'ஜால்ரா' என்று கடைசி வரிசையில் ஒரு குரல்.

இலாரியோவுக்குக் கோபமே வரவில்லை. அதுதான் எல்லாருக்கும் இன்னும் எரிச்சல்.

பெனீதா பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டாள். தண்ணீர் குடித்தாள். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அவள் குடித்து முடிக்கும்வரை இலாரியோ கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகுதான் கியரை மாற்றினார்.

கீழே இறங்கியதும் வண்டி நகரவில்லை. அன்று அலசீத்தா சந்தை. எது வேண்டுமோ அதைப் பொம்மையாக வாங்கி, உச்சிவேளையில் புகை காட்டிவிட்டால் வருஷத்துக்குள் நிஜமாகவே வந்துவிடும் என்பது ஊரின் நம்பிக்கை. குட்டி வீடு, குட்டி அரிசி மூட்டை, குட்டி டாலர் கட்டு. இந்த வருஷம் குட்டி பெட்ரோல் டின்னுக்குத்தான் அடிதடி.

"நான் போய் ஒண்ணு வாங்கி, புகை காட்டிட்டு ஓடி வந்துடறேன்," என்று பெனீதா இறங்கினாள். மற்றவர்களும் காசைக் கொடுத்துவிட்டு அங்கேயே இறங்கிக்கொண்டார்கள். இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாத வாத்தியார் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"அதிபர் பொம்மை வித்தா உங்களுக்கு ஒண்ணு வாங்கி வரச் சொல்லியிருக்கலாமே," என்றார் குத்தலாக.

இலாரியோ திரும்பினார். இப்போது குரலே வேறாக இருந்தது.

"இந்த வண்டியை வித்துட்டேன் வாத்தியாரே. சாயங்காலம் சாவியைக் குடுக்கணும். இந்த விலைக்குப் பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகல."

"அப்புறம் எதுக்கய்யா பத்து மார்க்?"

"மார்க் அவருக்கு இல்ல, அவளுக்கு. மாத்துக் கிட்னி வச்ச உடம்பு. தினம் அந்த மாத்திரை உள்ள போனாத்தான் உயிர். போன வருஷம் கையில காசு இருந்துச்சு, கடையில மாத்திரை இல்ல. இவர் வந்தா டாலர் வரும், மாத்திரை வரும்னு நம்பி, முடியாத உடம்போட வீடு வீடா ஏறி ஓட்டுக் கேட்டா. வேணாம்னு சொன்ன என்னையும் போட வச்சா. மாத்திரை வந்துச்சு. வண்டி போச்சு. வித்த காசுலதான் இனிமே மாத்திரையே."

"அவங்ககிட்ட சொல்லிட வேண்டியதுதானே?"

"சொன்னா தன்னாலதான் போச்சுன்னு மாத்திரையை நிறுத்திடுவா. உங்க சோத்துல கை வச்சு நான் எதுக்கு உயிரோட இருக்கணும்னு கேட்கிறவ அவ. அதான் காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் அந்த ஆளைப் புகழ்ந்துக்கிட்டிருக்கேன். எனக்கும் வாய் கசக்குது."

வாத்தியாருக்கு வெட்கமாக இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெனீதா வந்துவிட்டாள். தலைமுடியில் பூவிதழ், உடம்பெல்லாம் புகை வாசனை. ஏறி உட்கார்ந்து, கையிலிருந்த தகரப் பொம்மையை முன்னால் நீட்டினாள். ஒரு குட்டி மினிபஸ்.

"அடுத்தவங்க வாங்கிக் குடுத்தாத்தான் பலிக்குமாம். இந்தாங்க."

"வண்டிதான் இருக்கே, பைத்தியம்."

"சாயங்காலம் வரைக்கும்தானே?"

இலாரியோவின் முகம் செத்துப்போனது.

"வண்டியை வாங்கினவர் சம்சாரம் போன வாரமே சொல்லிட்டா," என்றாள் பெனீதா. "எனக்காக இவ்வளவு சிரமப்பட்டு நடிக்கிறீங்களேன்னு நானும் பேசாம இருந்தேன்."

"பெனீதா, வண்டி போனா போகட்டும். மாத்திரையை மட்டும் நிறுத்திடாத."

"உங்க கண்ணு முன்னாடிதானே போட்டுக்கிட்டேன்? பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

இலாரியோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். தகர வண்டியை முன் கண்ணாடி ஓரமாக நிற்கவைத்து, நிஜ வண்டியைக் கிளப்பினார். அப்பாடா என்றிருந்தது வாத்தியாருக்கும்.

பெனீதா கைக்குட்டையை எடுத்து, தலையிலிருந்த பூவிதழைத் தட்டுவதற்காக உதறினாள். வாத்தியாரின் காலடியில் ஏதோ விழுந்தது. குனிந்து பார்த்தார்.

பாதி கரைந்த ஒரு வெள்ளை மாத்திரை.