தேன்நிறப் பைப்

பைப்காரரின் பட்டறையில் நாங்கள் நான்கு பேர். ஜன்னலோர நாற்காலியில் அப்பா. கதவருகே முக்காலியில் அம்மா. கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியின் மேல் நான். கடைசல் இயந்திரத்துக்குப் பின்னால், புருவமெல்லாம் மரத்தூளோடு பைப்காரர்.

அப்பாவின் மடியில் ஒரு துணி. அதில் புகையிலை பிடிக்கும் மரப் பைப்புகள் ஏழெட்டு.

கையால் கடைந்த பைப் ஒன்று வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. நெஞ்சில் கட்டி என்று தெரிந்ததிலிருந்து டாக்டர் புகையிலைப் பேச்சையே எடுக்கவிடவில்லை. போன வாரம் என்னைத் தனியாக வெளியே கூப்பிட்டு, "இனிமே எதையும் தடுக்காதீங்க. ஆசைப்பட்டதைச் செய்யட்டும்" என்றார்.

உள்ளே வந்து நான் பாதியை மட்டும் சொன்னேன். "பைப் பிடிக்கலாம்னு டாக்டரே சொல்லிட்டார்ப்பா."

உடம்பு தேறிவிட்டது என்று அம்மா எடுத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை. அப்பா, "அப்படியா" என்றார்.

உண்மை எனக்கும் வெளியூரில் இருக்கும் அண்ணனுக்கும்தான் தெரியும்.

அப்பா ஒவ்வொன்றாக எடுத்தார். உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தார். மரத்தின் ரேகையைக் கட்டைவிரலால் தடவினார். வெறும் பைப்பை வாயில் வைத்து உறிஞ்சிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னைக் கட்டிக்கிறதுக்குக்கூட இந்த மனுஷன் இவ்வளவு யோசிக்கல" என்றாள் அம்மா.

"திருப்பித் தர முடியாதுன்னு அப்பத் தெரியாதே."

தண்டு வளைந்த, தேன் நிறத்துப் பைப் ஒன்றில் அவர் கை நின்றது.

பைப்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அருமையான வேர்க்கட்டை சார். எடுத்த எடுப்புல புகையிலையை முழுசா ரொப்பிடாதீங்க. கொஞ்சங்கொஞ்சமாப் பழக்கணும். உள்ளே கரி படலமாப் படியவே ரெண்டு மூணு மாசம் ஆகும். அதுக்கப்புறம்தான் ருசியே."

அப்பா தேன்நிறப் பைப்பைத் துணியில் வைத்தார். மறுபடி எடுத்துப் பார்த்தார். வைத்துவிட்டார்.

"பழகினது ஏதாவது இருக்கா?"

பைப்காரர் தயங்கினார். பிறகு இழுப்பறையிலிருந்து கறுத்துப்போன ஒன்றை எடுத்துத் துடைத்து நீட்டினார். அவருடைய சொந்தப் பைப்.

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "பார்த்தியாடா உங்கப்பா கஞ்சத்தனத்தை! இதுலயுமா பழசு?"

"ஆமாடி, கஞ்சன்தான்" என்றார் அப்பா.

சொல்லும்போது அவர் என்னைத்தான் பார்த்தார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

பைப்காரர் புகையிலையை அடைத்துக் கொடுத்தார். முதல் இழுப்பிலேயே அப்பாவின் தோள்கள் தளர்ந்தன. அவ்வளவு நிம்மதியாக அவரை நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். போனில் பேசினால் அம்மா காதில் விழும். யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதில் தொடங்கி எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். லீவுக்குக் காத்திருக்காமல் கிளம்பச் சொன்னேன்.

கடைசி வரிக்குத்தான் பேனா ஓடவில்லை.

'வாசலில் நுழையும்போது சிரித்துக்கொண்டே நுழை. இனி அம்மாவுக்கு மட்டும்தான் தெரியாது.'

கவரை ஒட்டி, தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டேன்.