பின்சீட்டுப் பெரியவர்

மூன்றாவது நாளும் அந்தப் பெரியவர் டிரைவிங் ஸ்கூல் காரின் பின்கதவைத் திறந்து, சாவகாசமாகப் பின்சீட்டில் உட்கார்ந்தார்.

“சார், ஓட்டக் கத்துக்கிறவங்க முன்னாடி உக்காரணும்,” என்றாள் ஓட்டக் கற்றுத்தரும் பெண், பல்லைக் கடித்துக்கொண்டு.

“பழக்கதோஷம்மா.” அசடு வழிய முன்னால் வந்தார்.

“எழுபத்திரெண்டு வயசுல எதுக்கு சார் இந்த வம்பு? பேசாம ஒரு டிரைவரை வச்சுக்கலாமே.”

“இருக்காரே. நான் கவுன்சிலரா இருந்தப்போ வேலைக்கு வந்தவரு. மந்திரியானேன், கவர்னரானேன், அவர்தான் ஓட்டினாரு. பதவி போனதும் என்னைவிட்டுப் போகாத ஒரே ஆளு.”

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு நாளாக அவள் அதட்டிக்கொண்டிருந்தது ஒரு முன்னாள் கவர்னரை.

“அப்போ… அவரே ஓட்டலாமே, சார்?”

“அவருக்குக் கண்ணு சுத்தமாத் தெரியலம்மா. அடுத்த மாசம் ஆபரேஷன். பார்வை கண்டிப்பாத் திரும்பிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு.” பெரியவர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தார். “முப்பது வருஷமா நான் பின்னாடி உக்காந்து அவர் முதுகைத்தான் பாத்தேன். கட்டுப் பிரிச்சு வீட்டுக்கு வர்றப்போ, அவர் பின்னாடி உக்காந்து என் முதுகைப் பாக்கணும்.”

அவள் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

“வண்டியைக் கிளப்புங்க, சார். இன்னிக்கு நேரம் பாக்க வேண்டாம்.”