எத்தனை முறை தட்டினாள்?

சிம் அட்டையை மேசையில் வைத்த மகேசா, மசாத்துவின் முகத்தைப் பார்க்கவில்லை. துக்கத்துக்காக மழித்திருந்த தலையைத் தடவிக்கொண்டே பேசினான்.

“நாப்பதாம் நாள் காரியமும் முடிஞ்சுதுண்ணே. நியாமிசி நம்பரை லிஸ்டுலேருந்து எடுத்துடுங்க. எந்நேரமும் சிரிச்சுச் சிரிச்சுப் பேசிக்கிட்டிருப்பா. இனிமே யாரு பேசப் போறா?”

அந்த அட்டையைத் தொட மசாத்துவுக்குக் கை வரவில்லை.

பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்காத ஏரித் தீவு அது. யார் யாரோ எழுதி, உலகத்துக்கே இலவசமாக விட்ட மென்பொருளின் மூல நிரலை இறக்கி, பழைய லினக்ஸ் கணினியில் தாமே கம்பைல் செய்து, நூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்குச் செல்போன் தொடர்பு கொடுத்துவந்தார் மசாத்து. ஆஸ்பத்திரிப் படகைக் கூப்பிட அதை விட்டால் வேறு வழியில்லை. அதைக் கட்டத் தெரிந்தவரும் அவரை விட்டால் இல்லை.

மகேசாவின் மனைவி நியாமிசி இறந்த அன்று காலை பத்து மணிக்குத்தான் மென்பொருளின் புதிய பதிப்பைக் கட்டி ஏற்றினார். பழைய பட்டியல் அதில் ஏறாமல் அடம்பிடித்தது. ஒவ்வொரு சிம்முக்கும் உரிய முப்பத்திரண்டு எழுத்து ரகசியக் குறியைக் காகிதத்தைப் பார்த்துக் கையாலேயே அடித்தார். நியாமிசியின் குறியில் B இருக்க வேண்டிய இடத்தில் 8 விழுந்துவிட்டது.

குறி பொருந்தாத போனை அந்த மென்பொருள் உள்ளே விடாது. மதியம் எட்டு மாதக் கர்ப்பிணி நியாமிசிக்கு உதிரம் கொட்டியபோது, மகேசா அக்கரைச் சந்தையில் கருவாடு விற்றுக்கொண்டிருந்தான். விடிகாலையிலேயே போனவன். வீடோ மேட்டில் தனி வீடு.

சாயங்காலம் அவளைக் கண்டெடுத்தபோது போன் கையில் இருந்தது. “பிடிச்ச பிடி அப்படியே இருக்கட்டும்” என்று அவள் அம்மா சொல்லிவிட்டாள். யாரும் போனைத் தொடவில்லை, அவளோடேயே புதைத்தார்கள்.

மறுநாள் காகிதத்தோடு ஒத்துப் பார்த்துத் தப்பைக் கண்டுபிடித்தவர் மசாத்துதான். துக்க வீட்டில் எல்லார் முன்பும் ஒப்புக்கொண்டவரும் அவர்தான். அன்றிலிருந்து யாரும் அவர் முகம் பார்த்துப் பேசுவதில்லை.

ஜன்னலுக்கு வெளியே மீன் உலர்த்திக்கொண்டிருந்த நியாபிசே குரல் கொடுத்தாள். “மசாத்து, அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்கு உப்புத் தடவி இங்க கொண்டா, காய வைக்கிறேன். கருவாடாவது மிஞ்சும்!”

அவர் கணினிப் பக்கம் திரும்பினார்.

“நம்பரை எடுக்கறதுக்கு முன்னால, கடைசி நாள் பதிவை வீட்டுக்காரங்களுக்குப் படிச்சுக் காட்டணும், மகேசா. நம்ம போன் சங்கத்து விதி.”

“அதெல்லாம் வேணாம்ண்ணே. சும்மா எடுத்துப் போடுங்க.”

“எனக்கு வேணும்டா. நாப்பது நாளா இந்தப் பதிவைத் திறக்கப் பயந்துகிட்டுக் கிடக்கேன். குறி தப்பா இருந்தாலும் போன் வந்து தட்டும். நாமதான் கதவைச் சாத்துவோம். ஒவ்வொரு தட்டும் இதுல விழுந்திருக்கும். அவ எத்தனை தடவை தட்டினாளோ, அத்தனை தடவை உன் கால்ல விழறேன். அப்புறம் பெட்டியை அணைச்சுட்டு, பொறுப்பை விட்டுடறேன்.”

மகேசா எழுந்தான். வாசல்வரை போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

மசாத்து பதிவைத் திறந்தார். படகோட்டி புவிரேயின் குறியிலும் அன்று ஓர் எழுத்து தப்பியிருந்தது. நாற்பத்தொரு தட்டு, நாற்பத்தொரு மறுப்பு. ஒன்று விடாமல் பதிவாகியிருந்தது.

அட்டையை எடுத்து, அதன்மேல் அச்சிட்டிருந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து அடித்தார். திரை வெறுமையாக இருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி அடித்தார்.

“ஒண்ணுகூட இல்லையேடா! காலையில பத்து மணிலேருந்து அவ போன் ஒரு தடவைகூடத் தட்டலை.”

“சார்ஜ் இல்லாம இருந்திருக்கும்ண்ணே.”

“எப்படிடா? அவளைத் தூக்கறப்ப போன்ல டார்ச் எரிஞ்சுக்கிட்டிருந்துதே. யாராவது பார்த்து வருவாங்கன்னு ஜன்னல் பக்கமாப் பிடிச்சிருந்தாளே, நான்தானே...”

போன் மண்ணுக்குள் இருந்தது. சிம் அவர் விரல்களுக்கு நடுவே இருந்தது.

அதை மகேசாவின் முன் நீட்டினார். மகேசா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

“சந்தைக்குக் கிளம்பறப்ப நான்தாண்ணே கழட்டி எடுத்துக்கிட்டேன். அவ சிரிச்சுப் பேசறது எனக்குப் பிடிக்கல.”