சின்ன வீட்டுக்கு மெழுகு

அந்த ஒரு சாண் இடத்தையே கணவர் மூன்றாம் முறையாகத் துடைக்கத் தொடங்கியபோது, வாசற்படியில் உட்கார்ந்திருந்த அவள் மடியிலிருந்த கைப்பையை எடுத்துக் கீழே வைத்தாள். இனி அதை மடியில் வைத்திருப்பதில் பொருளில்லை.

பதினொரு மணிக்குப் புறப்பட்டிருக்க வேண்டும். இப்போது மணி ஒன்று.

மகளுக்கு நாளைக் காலை எட்டு மணிக்குப் பிரசவ அறுவை சிகிச்சை. போய்ச் சேர ஏழு மணி நேரம் ஆகும். உள்ளே அழைத்துப் போகும்போது அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அந்தப் பெண் வேறெதுவும் கேட்கவில்லை.

அப்பாவோ கேரவனுக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்தார்.

அடுப்பும் மேசையும் இரண்டு கட்டில்களும் உள்ளே அடங்கிய, ஏறக்குறைய ஒரு பேருந்தளவு வண்டி. ஓய்வு பெற்ற கையோடு அவர் அதை வாங்கி வந்து நிறுத்தியபோது, "சின்ன வீடு" என்று அதற்குப் பெயர் சூட்டியவள் அவள்தான். தெருவே சிரித்தது. அவரும் கூச்சமில்லாமல், சின்ன வீட்டைக் கொஞ்சம் கவனித்துவிட்டு வருகிறேன் என்று தினமும் சொல்லிவிட்டே போவார். சற்று முன் எதிர்வீட்டுக்காரர்கூட, சின்ன வீட்டுக்கு இன்று பெண் பார்க்க வருகிறார்களா என்று கேட்டுவிட்டுப் போனார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சேறு தெறித்த வண்டியைச் சம்பந்தி வீட்டு வாசலில் நிறுத்தினால் மானம் போய்விடும் என்று சொல்லித்தான் காலையில் ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் முடிக்கிற வழியாக இல்லை.

சோப்புத் தண்ணீருக்கு ஒரு வாளி. துணியை அலச இன்னொரு வாளி. மாற்றி முக்கிவிட்டால் மகாபாவம். கூரையிலிருந்து சக்கரம் வரை கழுவி முடித்ததும், கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு வண்டியின் உடம்பு முழுவதும் தடவினார். அப்படித் தடவினால் ஒரு மணல் துணுக்குக்கூட விரலுக்குத் தப்பாதாம். தப்பவில்லை. மறுபடியும் கூரையிலிருந்து கழுவினார். வெயிலில் பூசினால் மெழுகு கறை பிடிக்கும் என்று, நிழல் திரும்பும்வரை வேறு காத்திருந்தார்.

ஒரு சாண் அகலம் பூசுவது, அது காய்ந்து வெளுக்கும்வரை நிற்பது, துடைப்பது, பிறகு அடுத்த சாணுக்கு நகர்வது. தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் தரப் பரிசோதகராக இருந்தவர். அவள் தைத்துக் கொடுத்த சட்டைப் பொத்தானைக்கூட, நூல் ஒரு சுற்றுக் குறைகிறது என்று திருப்பி அனுப்பியவர்.

நத்தையும்தான் வீட்டோடு ஊர் போகிறது. ஆனால் புறப்படும் முன் ஓட்டுக்கு மெழுகு பூசிக்கொண்டு நிற்பதில்லை என்று அவள் எரிச்சலோடு நினைத்துக்கொண்டாள். அவளுக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. தெரிந்திருந்தால் மனிதரை வாளியும் கையுமாக வாசலில் விட்டுவிட்டு இந்நேரம் பாதி வழி போயிருப்பாள்.

பொறுக்கமாட்டாமல் எழுந்து, அவர் முடித்துவிட்டதாகச் சொன்ன பக்கத்துக்குச் சுற்றிக்கொண்டு போனாள்.

நீலப் பட்டையின் மேல், துடைக்காமல் விட்ட மெழுகு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடந்தது. தெருமுனையிலிருந்து பார்த்தாலும் தெரியும்.

"கண்ணை எங்க வச்சுக்கிட்டுத் தேய்க்கிறீங்க?"

முப்பது வருடமாக இந்தக் கேள்வியை அவர்தான் அவளிடம் கேட்டுவந்தார். இன்று முறை மாறியதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் திருப்திதான்.

அவர் துணியோடு வந்தார். அவள் அந்த வெள்ளைத் திட்டின் நட்டநடுவில் விரலை ஊன்றிக் காட்டினாள்.

குனிந்தார். உற்றுப் பார்த்தார்.

"ஆமாமா, லேசா ஏதோ இருக்கு."

சொல்லிவிட்டு, அவள் விரலுக்கு இரண்டு சாண் தள்ளி, கண்ணாடியாக மின்னிக்கொண்டிருந்த இடத்தை அக்கறையாகத் துடைக்கத் தொடங்கினார்.



விரலை எடுக்காமல், பட்டையின் வழியே மெல்ல நகர்த்திப் பார்த்தாள். அவர் பார்வை அதைத் தொடர்ந்து வரவில்லை.

எத்தனை மாதமாக என்று கேட்க நினைத்தாள். அவர் துடைத்துக்கொண்டே இருந்தார், கை ஓய்ந்தால் அடுத்து வண்டிச் சாவியை எடுக்க வேண்டியிருக்கும் என்பதுபோல.

படியில் கிடந்த பைக்குள் போன் அடித்தது. மகள்தான். கிளம்பியாகிவிட்டதா என்று கேட்ட குரலில் அழுகை எட்டிப் பார்த்தது.

அவள் வண்டிக்கு அருகிலேயே வந்து நின்று, அவர் காதிலும் விழும்படி பேசினாள்.

"கிளம்பிட்டோம்டி. ஆனா பஸ்லதான் வர்றோம். இவ்வளவு பாடுபட்டு மெழுகு பூசின வண்டிய ரோட்ல ஓட்டி அழுக்காக்க உங்கப்பாவுக்கு மனசு வரலையாம்."

மகள் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் இங்கே கேட்டது. அப்பா செய்யக்கூடியவர்தான், இத்தனை வருடம் அவரோடு எப்படித்தான் குடித்தனம் நடத்தினாயோ என்றாள். ஒரு சொல்லைக்கூட மகள் சந்தேகப்படவில்லை.

வண்டியின் மேலிருந்த கை நின்றது.

அவர் துணியை நான்காக மடித்தார். பிரித்து, ஓரம் சேர்த்து மறுபடியும் மடித்தார்.

பிறகு, அவள் பக்கம் திரும்பாமலே, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.