நேரம் தெரிந்தவர்

டிவி சத்தத்தைக் கூட்டச் சொன்னார், தோள்பட்டை உடைந்து கிடந்த குழாய் ரிப்பேர்காரர்.

இடம் போதாமல் ஆண், பெண் என்று பிரிக்காமல் எல்லோரையும் ஒரே வார்டில் போட்டிருந்தார்கள். எல்லாம் கட்டடம் இடிந்து அடிபட்டவர்கள்.

திரையில் டிவி ஜோசியர். நிலநடுக்கத்துக்குப் பிறகு எந்தச் சேனலைத் திருப்பினாலும் அவர்தான்.

வருடத் தொடக்கத்தில் அவர் சொன்னதைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள்: "இந்த வருஷம் பூமி சம்பந்தமான சில சங்கடங்கள் வரலாம்."

எந்த நாடு என்று சொல்லவில்லை. எந்த மாதம் என்றும் சொல்லவில்லை. பூமி சம்பந்தமான சங்கடம் நிலநடுக்கமாகவும் இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரனோடு மனைத் தகராறாகவும் இருக்கலாம்.

அதே பேச்சில் வெள்ளத்தையும் தீயையும் புயலையும் அவர் விட்டுவைக்கவில்லை. யாரோ ஒரு பெரிய தலைவருக்கு உடம்புக்கு முடியாமல் போகும். தங்கம் ஏறும், இறங்கவும் செய்யும். எது நடந்தாலும் எடுத்துக் காட்ட ஒரு வரி கைவசம் இருந்தது.

அந்த வரிகளை நம்பி ஒருத்தராவது ஒரு செங்கல்லுக்கு அடியிலிருந்து நகர்ந்திருக்க முடியாது.

ஆனாலும் வார்டு வாயைப் பிளந்து பார்த்தது.

"மனுஷன் அப்பவே புட்டுப் புட்டு வச்சிருக்காரு. நாமதான் காதுல வாங்கல" என்றார் குழாய்க்காரர், தோள் உடைந்ததே தன் அஜாக்கிரதையால்தான் என்பதுபோல.

"வாங்கி? வருஷம் பூரா வெட்டவெளியிலயே நிக்கவா?" என்றாள் பக்கத்துக் கட்டில் தையற்காரி.

மூலைக் கட்டிலில் ஒரு அம்மா, மகளுக்கு ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். மகளின் வலது கால் முழங்காலோடு முடிந்திருந்தது. அம்மா திரைப்பக்கம் திரும்பவே இல்லை. மகள் கண்ணை எடுக்கவே இல்லை.

பேட்டி எடுத்த பெண் குரலைத் தாழ்த்தினாள். "ஐயா, உங்களுக்கு அந்த நாள்கூட முன்னாடியே தெரியும்னு பேசிக்கிறாங்களே?"

ஜோசியர் சிரித்தார். "நாள் என்னம்மா நாள், நேரமே தெரியும். சொன்னா ஜனங்க பயந்துடுவாங்கன்னுதான் வாயைத் திறக்கல."

பூமி குலுங்கியபோது இதே டிவி நிலையத்தின் மேக்கப் நாற்காலியிலிருந்து குதித்து, பாதி முகத்தில் பவுடரோடு அவர் தெருவுக்கு ஓடியது நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும். அதை மட்டும் அவர்கள் போடவில்லை.

மகள் தட்டை ஒதுக்கினாள்.

"அம்மா, நெஜமாவே அப்பாவுக்கு நேரம் தெரியுமா?"

அம்மா கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள்.

எந்த நாள் வேண்டுமானாலும் வந்து வேலையில் சேரலாம் என்றுதான் மகளுக்கு வேலை கிடைத்த அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். அவள் அடுத்த வாரம் போகிறேன் என்றாள். அதெல்லாம் ஆகாது என்று நாள் குறித்து, நேரம் குறித்து, நிலநடுக்கம் வந்த அன்று காலை அந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் வாசலில் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டவர், இப்போது திரையில் சிரித்துக்கொண்டிருந்தார்.

வெளியாட்கள் முன்னால் கணவரை ஒரு வார்த்தை விட்டுக்கொடுத்ததில்லை அம்மா. அவருடைய வாய்ச் சாமர்த்தியத்தில்தான் வீடு ஓடியது.

"இல்ல கண்ணு. உங்கப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு மண்ணும் தெரியாது."

வார்டு முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னாள். குழாய்க்காரர் திரும்பிப் பார்த்தார்.

"சத்தியமாவா?"

"சத்தியமா."

அடிபட்டதிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பெண், அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.